ஒரு விரற்கடை குறைந்த குழல்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் பெயின்ட் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிற லேத் பட்டறைக்காரரை அந்த வட்டாரத்தில் எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமுடியை நெடுக்காகப் பிளந்துகொண்டே போனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு அளவு வருமே, அதன் பெயர். கேலிக்கு வைத்ததுதான். அவரே அதற்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த பிறகு, வைத்தவர்களுக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பம்புசெட்டுக்காரர் அவசரமாக ஓடிவந்து மோட்டார் தண்டுக்கு ஒரு புஷ் வளையம் கடைந்து கேட்பார். "ஓடினா போதும்ணே, அழகெல்லாம் வேண்டாம்" என்பார். "ஓடினா போதும்னா ரெண்டு கடை தள்ளிப் போங்க, அங்க ஓடற மாதிரி செஞ்சு தருவாங்க" என்பார் மைக்ரான், தலையைத் தூக்காமலே. அந்தப் பட்டறையிலிருந்து பிசிறோடு ஒரு சாமான் வெளியே போனது கிடையாது. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார், பிறகு அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி விரல். வாங்க வந்தவர் இரண்டு டீ குடித்து முடித்திருப்பார். நல்ல வேலைக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் நின்று காத்திருக்கிறவனுக்கு எரிச்சல் மண்டும்.

அவர் மனைவி இதை வேறு மாதிரி சொல்வாள். முதன்முதலாக அவள் வீட்டுக்குப் பெண் பேச வந்த அன்று அவளை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். வாசல் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாமல் இழுத்துக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "மறுநாள் அரத்தை எடுத்துக்கிட்டு வந்து தாழ்ப்பாளைச் சரி பண்ணினாரு. என்னை அதுக்கப்புறம்தான் பார்த்தாரு" என்று சிரிப்பாள். அவளுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த மனிதர் வெளியே ஆடுகிற பெஞ்சுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வாள். பயத்தில் கைக்கு வேறு வேலை தெரியவில்லை என்பது அவர் கட்சி.

இவருக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் இந்தப் பட்டறையும் இதன் பின்னால் இருக்கிற இரண்டு அறைகளும்தான். மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போடுகிற ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார். சோளக்காரர் அதிகம் பேசாதவர். மச்சான் என்றால் உயிர். ஒரு கடப்பாரை மழுங்கினால்கூட அதைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி வந்துவிடுவார். போகும்போது ஒரு மூட்டை சோளத்தை வாசலில் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிடுவார்.

அவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. களவாக இல்லை, முறையாக விண்ணப்பித்து வாங்கியது. காட்டுப் பன்றிகள் இறங்கினால் ஒரு பொழுதில் ஒரு வயலை உழுதுவிட்டுப் போய்விடும். அதனால் பயிர்க் காவலுக்கென்று ஒற்றைக் குழல் நீளத் துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்ள உரிமம் தருவார்கள். அவர் அதை வைத்து எதையும் கொன்றதாகக் கேள்வியில்லை. வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார். பன்றிகள் பக்கத்து வயலுக்குப் போகும். பக்கத்து வயல்காரர் ஒன்று போடுவார். அவை திரும்பி இங்கே வரும். இதுதான் அங்கே காவல்.

அறுவடைக்கு முன் ஒரு நாள் காலையில் சோளக்காரர் சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பிரித்துக் காட்டினார். குழலின் வாய் வாழைப்பழத் தோல் உரித்த மாதிரி விரிந்து கிடந்தது.

"கையில, முகத்துல ஒண்ணும் படலையே மாப்பிள்ளை?"

"படல மச்சான். காதுதான் கொய்ங்குன்னு இருக்கு. வரப்புல சாய்ச்சு வச்சிருந்தேன். வாய்க்குள்ள சேறு போனது தெரியாம சுட்டுட்டேன்."

"இதுக்குன்னு கடை இருக்குமே."

"நகரத்துல இருக்கு. போன தடவை அங்க கொடுத்துட்டுத் திரும்ப வாங்கறதுக்குள்ள பன்னி பாதி வயலைத் தின்னுடுச்சு. பிஞ்ச இடத்தை மட்டும் எடுத்துக் கொடுங்க, போதும்."

மைக்ரான் கொஞ்சம் யோசித்தார். துப்பாக்கி வேலை அவர் செய்ததில்லை. ஆனால் தோளில் வைக்கிற மரக்கட்டையிலிருந்து குழலைக் கழற்றிக் கையில் வாங்கியதும் அது துப்பாக்கியாகத் தெரியவில்லை. ஒரு குழாய், அவ்வளவுதான். குழாய் அவருக்குத் தெரியும். தங்கை புருஷன் இந்த வாயோடு இன்னொரு முறை சுட்டால் முகம் போய்விடும் என்பதும் தெரிந்தது. லேத்தில் பூட்டினார்.

விரிந்த பகுதிக்குக் கீழே நல்ல இரும்பில் குறி வைத்து அறுத்தார். சாதாரண ஆள் அதோடு நிறுத்தியிருப்பான். இவர் வெட்டுவாயை மண்ணெண்ணெயால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மயிரிழை மாதிரி ஒரு விரிசல் உள்ளே ஓடியிருந்தது. அதுவும் போகிற அளவுக்கு மறுபடி அறுத்தார். பிறகு முகம் எடுத்தார். அறுத்த முனையை லேத்தில் சுழலவிட்டுச் சமமாகச் சீவுவதை அப்படித்தான் சொல்வார்கள். ஒரு ஓரம் லேசாகச் சரிந்திருப்பதாகப் பட்டது. இன்னொரு சீவல். பிறகு இன்னொன்று. சுருள் சுருளாக இரும்பு கீழே விழுந்தது. கடைசியில் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் மழுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தார்.

அன்று அவர் குழலின் மொத்த நீளத்தை அளக்கவில்லை. அளவு என்றால் உயிரை விடுகிற மனிதர் அளக்கவில்லை என்றால் நம்புவது கஷ்டம், ஆனால் அவர் தொழிலில் அதற்கு நியாயம் இருந்தது. ஒரு முனை இன்னொன்றுக்குள் போய் உட்கார வேண்டும் என்றால் நீளம் முக்கியம். எதிலும் போய் உட்காராத முனைக்கு நீளம் எதற்கு? அங்கே வெட்டு நேராக இருக்க வேண்டும், பிசிறு இருக்கக் கூடாது, வேறென்ன? துப்பாக்கியின் வாய் காற்றைப் பார்த்து நிற்கிற முனை. அது எதிலும் போய் உட்காரப் போவதில்லை என்று நினைத்தார்.

சோளக்காரர் வாயில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "புதுசே இப்படி இருக்காது மச்சான்" என்றார். அந்த வருஷம் சோளம் தப்பித்தது.

உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்தது. துப்பாக்கியையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சோளக்காரர் துடைத்து, எண்ணெய் போட்டு, பெருமையாகத்தான் கொண்டுபோனார். மத்தியானம் தங்கை பட்டறை வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அண்ணா, அவரை உள்ள உட்கார வச்சுட்டாங்க. துப்பாக்கி குட்டையா இருக்காம்."

"குட்டையா இருந்தா என்னவாம்?"

"எனக்கென்ன தெரியும்? வச்சிருக்கக் கூடாத துப்பாக்கின்னு சொல்றாங்க. நீ வா."

மைக்ரான் சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார். ஏதோ அரைகுறையாக அளந்திருப்பார்கள், ஸ்கேலைக் காட்டினால் தீர்ந்துவிடும் என்று இரும்பு ஸ்கேலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதரில்லை. உட்காரச் சொன்னார், விசிறியைத் தங்கை பக்கம் திருப்பச் சொன்னார். மேசையில் துப்பாக்கி கிடந்தது. அதன் மேல் தையல்காரர் கழுத்தில் போட்டிருப்பாரே, அந்தத் துணி டேப் சுருண்டு கிடந்தது. மைக்ரானுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சார், இதை வச்சா அளந்தீங்க? பழைய டேப் நீண்டு போயிருக்கும். நீண்ட டேப்பு குறைச்சுத்தான் காட்டும்."

"குறைச்சுக் காட்டினாலும் ஒரு விரற்கடையா குறையும்? சட்டத்துல ஒரு நீளம் போட்டிருக்கு. அதுக்குக் கீழ போனா குட்டைத் துப்பாக்கி."

"சரி சார். கூடக் குறைய எவ்வளவு விடுவீங்க?"

"எதை விடுவோம்?"

"அளவுன்னு ஒண்ணு போட்டா மேல கொஞ்சம் கீழ கொஞ்சம் விட்டுத்தானே போடுவாங்க. எந்தச் சாமானுக்கும் அது உண்டு சார்."

இன்ஸ்பெக்டர் அவரை இரக்கமாகப் பார்த்தார். "இதுல அதெல்லாம் இல்லைங்க. அளவுன்னா அளவுதான்."

பட்டறையில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் சாமான் கடைந்திருப்பார். விட்டுக்கொடுக்கிற கணக்கு இல்லாத ஒரு அளவை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். செருகியிருந்த ஸ்கேலை வெளியே எடுக்கவே இல்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோளக்காரர் இவரைப் பார்த்துத் தலையை இல்லை என்பதுபோல் ஆட்டினார். யார் அறுத்தது என்று அவர் அதுவரை சொல்லவில்லை என்பது இவருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு வக்கீலம்மா இருந்தாள். நாற்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற வழக்கம். மைக்ரான் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டு முடித்துவிட்டு மூச்சை இழுத்து விட்டாள்.

"ஒண்ணு புரிஞ்சுக்குங்க. துப்பாக்கின்னா எல்லாம் ஒண்ணு இல்ல. சட்டம் அதைச் சாதி சாதியா பிரிச்சு வச்சிருக்கு. மருந்து வெடிச்சுச் சுடறதா, காத்துல சுடறதா? குழல் உள்ள வழவழன்னு இருக்கா, வரி ஓடியிருக்கா? ஒரு தடவை அழுத்தினா ஒண்ணு போகுமா, அழுத்திக்கிட்டே இருந்தா போய்க்கிட்டே இருக்குமா? இதெல்லாம் பார்த்துட்டுக் கடைசியா நீளம். நீளமா இருந்தா அது வயல்ல இருக்கற சாமான், விவசாயி வச்சுக்கலாம். குட்டையா இருந்தா சட்டைக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோற சாமான். அதை யாரும் வச்சுக்கக் கூடாது."

"அதே துப்பாக்கிதாம்மா. அதே கட்டை, அதே விசை, அதே தோட்டா."

"உங்களுக்கு அதே. சட்டத்துக்கு நீங்க அறுத்து முடிச்ச நிமிஷத்துல அது வேற சாமான். அவர் கையில இருக்கற லைசென்ஸ் வேற ஒரு துப்பாக்கிக்கு. அந்தத் துப்பாக்கி இப்ப உலகத்துலயே இல்ல."

"அதைச் சட்டைக்குள்ள ஒளிக்க முடியாதும்மா. கட்டையோட சேர்த்தா என் இடுப்பு உயரம் வரும்."

"குழலைத்தான் அளப்பாங்க, கட்டையை இல்ல. ஒளிக்க முடியுமா முடியாதான்னு யாரும் செஞ்சு பார்க்கப் போறதில்ல. எழுதியிருக்கற நீளம் இருக்கா, அவ்வளவுதான்."

அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். "ஒரு வளையம் கடைஞ்சு முனையில கோத்துடறேன். முன்ன இருந்ததைவிட நீளமாவே ஆக்கிக் கொடுத்துடறேன்."

"தொட்டீங்கன்னா அது தனிக் கேஸ். லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செஞ்சதா ஆகும். ஏற்கெனவே நீங்க செஞ்சதே அதுக்குள்ளதான் வரும்."

"அப்ப அந்த வாய் பிஞ்சதை அப்படியே விட்டிருந்தா?"

"விட்டிருந்தா நீளம் இருக்கும். குத்தமே இல்ல."

மைக்ரான் அதை மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தார். சுடுகிறவன் முகத்தைப் பிய்த்துவிடக்கூடிய துப்பாக்கி நல்ல துப்பாக்கி. அதைச் சரிசெய்து கொடுத்தால் தடை செய்யப்பட்ட துப்பாக்கி. இதில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சட்டம் எழுதினவனும் ஏதோ நல்லதுக்குத்தான் எழுதியிருப்பான். குழலை அறுத்துக்கொண்டு வங்கிக்குள் போகிறவனை நினைத்து எழுதியிருப்பான். மலையடிவாரத்துச் சோளக்காரனை அவன் கண்டானா?

வக்கீலம்மா தன் யோசனையைச் சொன்னாள். குழல் வெடித்தது உண்மை, வயல்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அதைச் சொல்வோம். அளவு தெரியாது என்பதும் உண்மை. யார் அறுத்தார்கள் என்று நாமாகச் சொல்ல வேண்டாம். வேண்டுமென்றே குட்டையாக்கினார் என்று அவர்கள் காட்டினால்தான் பெரிய தண்டனை. காட்ட முடியாவிட்டால் அபராதத்தோடு போனாலும் போகும். "அதனால நீங்க கோர்ட் பக்கமே வராதீங்க. உங்க வேலை ரொம்பச் சுத்தமா இருக்கு. எனக்கு அதான் பயமா இருக்கு."

தடை செய்யப்பட்ட வகை என்பதால் சோளக்காரருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. துணி டேப் விஷயத்தை வைத்து, அரசு ஆய்வுக்கூடத்தில் முறையாக மறுபடி அளக்க வேண்டும் என்று வக்கீலம்மா ஒரு மனு போட்டாள். மைக்ரானுக்கு அதில் ஒரு நப்பாசை. ஆய்வுக்கூடத்தில் நல்ல கருவி வைத்திருப்பார்கள், நல்ல கருவி பொய் சொல்லாது என்று மனைவியிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பார். முடிவு வந்தது. காவல் நிலையத்தில் வெளியே அளந்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் துப்பாக்கியை மூடி, உள்ளே கோலை விட்டு, தோட்டா உட்காருகிற இடத்திலிருந்து அளந்தார்கள். டேப் காட்டியதைவிட இன்னும் குறைவு. கருவி பொய் சொல்லவில்லை.

மனைவி தட்டை முன்னால் வைத்துவிட்டு, "சாப்பிடுங்க, நீங்க பட்டினி கிடந்தா அது நீளமாகப் போறதில்ல" என்றாள். வேறு நேரமாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

அறுவடைக் காலம் மறுபடி நெருங்கியது. தங்கை தகர டின்னைத் தட்டிக்கொண்டு, பிள்ளைகள் இரண்டையும் வைத்துக்கொண்டு காவல் காத்தாள். பன்றிகள் டின் சத்தத்துக்கு இரண்டு நாள் பயந்தன. மூன்றாம் நாள் பழகிவிட்டன. கிழக்குப் பக்கம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை, லேத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணா, அறுத்தது நீதானே?"

"நான்தான்மா."

"அவர் அறுக்கலயே? அவருக்கு ரம்பம் பிடிக்கத் தெரியுமா? நீ போய் நடந்ததைச் சொன்னா அவரை விட்டுடுவாங்கல்ல?"

"வக்கீலம்மா வேண்டாங்கறாங்க."

"அவங்களுக்கு இது ஒரு கேஸு. எனக்குப் புருஷன். நடந்ததை நடந்த மாதிரி சொல்றதுக்கு எதுக்குப் பயப்படணும்?"

"மாப்பிள்ளையும் வேண்டாங்கறாரு. போன வாரம் ஜெயில்ல பார்த்தப்ப கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு."

"அவர் அப்படித்தான் சொல்வாரு. நீ அதைக் கேட்டுக்கிட்டு வந்துட்டியா?" அவள் குரல் உயரவில்லை. "உனக்குப் பயம்ணா. வேற ஒண்ணும் இல்ல."

பயம் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் இருந்தது. ஜெயிலில் அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த நாளிலிருந்து, அந்தப் பக்கம் தான் நிற்பது மாதிரியும் இந்தப் பக்கம் மனைவி நிற்பது மாதிரியும் நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் வக்கீலம்மாவின் பேச்சை அவ்வளவு சுலபமாகக் கேட்டுக்கொண்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தங்கை போன பிறகு பம்புசெட்டுக்காரரின் புஷ் ஒன்றைக் கெடுத்தார். இன்னொரு துண்டு எடுத்துப் பூட்டினார், அதையும் கெடுத்தார். பம்புசெட்டுக்காரர் வேறு கடைக்குப் போனார்.

"நீங்க போனா ரெண்டு பேரும் உள்ள போவீங்க. அவ வீட்டுலயும் ஆம்பளை இல்ல, இந்த வீட்டுலயும் இல்லன்னு ஆகும்" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "போகாம இருந்தா நீங்க இப்படியே உட்கார்ந்திருப்பீங்க. எனக்கு எது சரின்னு சொல்லத் தெரியல" என்றாள்.

அவர் போனார். வக்கீலம்மா கோர்ட் வராந்தாவில் வைத்துக் கடைசியாக ஒரு முறை தடுத்துப் பார்த்தாள். தங்கை, "எங்க தரப்புல எங்க அண்ணன் சாட்சி சொல்வாரும்மா" என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். கூண்டில் நின்ற சோளக்காரர் மச்சான் படியேறுவதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

சொல்வது உங்களுக்கே எதிராகத் திரும்பலாம், சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி எச்சரித்தார். மைக்ரான், "சொல்றேங்க ஐயா" என்றார். சொன்னார். சேறு புகுந்தது, வாய் பிளந்தது, சாக்கில் சுற்றி வந்தது, அறுத்தது, விரிசலைப் பார்த்து மறுபடி அறுத்தது, முகம் எடுத்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சில் பாரம் இறங்கியது. எதிரே பெஞ்சில் தங்கை தலையாட்டிக்கொண்டிருந்தாள். இதுதானே நடந்தது, இதில் யாருக்கு என்ன குற்றம் தெரியும் என்று இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். வயதானவர், குரலில் கடுமை இல்லை.

"முதல் தடவை அறுத்ததும் பிளந்த பகுதி போயிடுச்சு இல்லையா?"

"போயிடுச்சுங்க."

"மறுபடி அறுத்ததுல விரிசலும் போயிடுச்சு?"

"போயிடுச்சுங்க."

"அதுக்கப்புறமும் மூணு தடவை சீவினீங்க. எதுக்கு?"

"சுத்தமா வரலைங்க. ஒரு ஓரம் சரிஞ்சிருந்தது."

"சரிஞ்சிருந்தா சுடாதா?"

"சுடும்."

"அப்ப சுடறதுக்கு அது தேவையில்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தேவையில்லைங்க" என்றார்.

"நீளம் எவ்வளவுன்னு அளந்தீங்களா?"

"அளக்கலைங்க."

"உங்க பட்டறையில அளக்காம ஒரு வேலை செய்யறது உண்டா?"

அந்தக் கேள்வியில் இருந்த குழி அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் அவர் தலை நிமிர்ந்து நின்றிருக்கிறார். "கிடையாதுங்க" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அரசு வக்கீல் ஏன் உட்காருகிறார் என்று புரிந்தது. "இதை மட்டும் அளக்கலைங்க ஐயா. அது எதுலயும் போய் உட்காராத முனை" என்று அவசரமாகச் சேர்த்தார். நீதிபதிக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. வக்கீலம்மா நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பில் எல்லாம் இருந்தது. குழல் வெடித்தது விபத்துதான் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய், தேவையான அளவுக்கு மேலும் பலமுறை வெட்டி, விளிம்பு மழுக்கி முடித்த ஒரு குழலைக் கவனக்குறைவால் குட்டையானது என்று சொல்ல முடியாது என்றார். அவ்வளவு சுத்தமான வேலை யோசித்துச் செய்ததாகத்தான் இருக்க முடியும். சோளக்காரருக்கு மூன்று வருஷம். உரிமமின்றித் துப்பாக்கியை மாற்றியமைத்தவர் மீது தனியாக வழக்குப் பதிவு செய்ய உத்தரவு. மைக்ரானுக்குத் தன்னைப் பற்றிய வரி காதில் விழவே இல்லை, பிறகு வக்கீலம்மா சொல்லித்தான் தெரிந்தது. மூன்று என்ற சொல்லோடு அவர் காது அடைத்துவிட்டது.

சோளக்காரரை அழைத்துப் போனார்கள். போகும்போது மச்சானிடம் ஏதோ சொல்ல நின்றார். பிறகு தங்கையைப் பார்த்து, "பிள்ளைங்களைப் பார்த்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

"அந்த லேத்காரர் வாயைத் திறக்காம இருந்திருந்தா அபராதத்தோட முடிச்சிருப்பேன்" என்று வக்கீலம்மா வராந்தாவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவளுக்கும் ஆற்றாமை. அது தங்கையின் காதிலும் விழுந்தது. மைக்ரான் அவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நடந்தார். கோர்ட் வாசலைத் தாண்டியதும் திட்டுவாள், தெருவில் வைத்துக் கையைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்திருந்தார். அப்படிச் செய்தால் தேவலை என்றிருந்தது. அவள் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

"நான்தானே அண்ணா உன்னைச் சொல்லச் சொன்னேன்" என்றாள் அங்கே வந்ததும்.

"இல்லம்மா. அறுத்தது நான்."

"நீ அறுத்த. அவர் கொண்டுவந்தார். நான் சொல்லச் சொன்னேன்." விரல் விட்டு எண்ணுகிற மாதிரி சொன்னாள், கண்ணில் தண்ணீர் இல்லை. "யாருமே கெட்டது நினைக்கல. அப்புறம் எப்படிண்ணா இது இப்படி ஆச்சு?"

அவள் பேருந்து வருகிற பக்கத்தைப் பார்த்தாள். பிள்ளைகளை அடுத்த வயல்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் போக வேண்டும், மேற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் சோளம் நிற்கிறது.

"நானும் வரேன்மா. கேஸு போட்டு என்னைக் கூப்பிடற வரைக்கும் அங்கயே இருக்கேன். காவலுக்கு ஒரு ஆள் ஆச்சு."

தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"வந்து கையில என்ன வச்சுக்கிட்டுண்ணா காவல் காப்ப?"

பேருந்து வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மைக்ரான் படியில் ஒரு காலை வைத்தவர், கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்கிற வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.